சுறாக்களைப் பட்டியலில் சேர்த்தாயிற்று, பிடிப்பு குறையுமா?

அலைவாய் (இழையைத் தொடங்கியவர்)

சமர்கண்டில் 2025 டிசம்பரில் முடிந்த சைட்ஸ் (அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டு முடிவுகளைப் படித்ததிலிருந்து இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று இருந்தேன். திமிங்கிலச் சுறா, மாண்டா திருக்கை, கொம்புத் திருக்கை, பெருங்கடல் வெண்முனைச் சுறா எல்லாம் முதல் பட்டியலுக்குப் போய்விட்டன. அதாவது இவற்றை வைத்து நாடு விட்டு நாடு வணிகம் செய்யவே கூடாது. ஆழ்கடல் கல்பர் சுறாக்களும் இன்னும் சில இனங்களும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்திருக்கின்றன, அவற்றை விற்கலாம், ஆனால் அனுமதிச் சீட்டு வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சிதான். இருபது ஆண்டுகளுக்கு முன் பட்டியலில் இருந்த சுறாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2010இல் தோகாவில் கொம்பன் சுறாவுக்கும் (சுத்தியல் தலைச் சுறா) வெண்முனைக்கும் கொண்டுவந்த தீர்மானங்கள் எல்லாம் வாக்கெடுப்பில் விழுந்தன. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. சைட்ஸ் பார்ப்பது எல்லை தாண்டும் சரக்கை மட்டும். வலையில் விழுந்து செத்த சுறாவை அது பார்க்காது. பிடிப்புக்கு வரம்பு போடாமல் பட்டியலை மட்டும் நீட்டிக்கொண்டே போனால் கடலுக்குள் என்ன மாறும்? சுறா, திருக்கை, அவற்றுக்கு உறவான கைமீரா மீன்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,200 இனங்கள், அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அழியும் அபாயத்தில் இருப்பதாக 2021இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. நடுக்கடலில் திரியும் சுறாக்களும் திருக்கைகளும் 1970க்குப் பிறகு 71 சதவீதம் குறைந்துவிட்டன. காகிதத்தில் மட்டும் ஜெயித்து என்ன பயன்? கடலிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

நெய்தல்_மகன்

கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மத்தியும் நெத்திலியும் இதைவிடப் பல மடங்கு பிடிபடுகின்றன. அதற்கு யாரும் மாநாடு போடுவதில்லையே. சுறாவுக்கு மட்டும் ஏன் இத்தனை கவலை? பெரிய மீன், பார்க்க மிடுக்காக இருக்கிறது என்பதாலா?

கடற்சிலம்பு

@நெய்தல்_மகன் நியாயமான கேள்விதான், இதற்குப் பதில் தெரியாமல் மற்ற எதையும் பேச முடியாது. நான் மீன்வள உயிரியலில் ஆய்வு செய்கிறேன், எனவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்தி ஓரிரு ஆண்டில் பருவத்துக்கு வந்துவிடும், ஒரு பெண் மீன் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். ஒரு வருடம் அள்ளினாலும் கடல் நன்றாக இருந்தால் அடுத்த சில வருடங்களில் திரும்பி வந்துவிடும். சுறாவின் கணக்கு முற்றிலும் வேறு. வடக்கு அட்லாண்டிக்கின் மாகோ சுறாவில் பெண் பருவம் எய்தவே இருபது வருடத்துக்கு அருகில் ஆகிறது. அதற்கப்புறம் ஒன்றேகால் ஒன்றரை வருடம் கர்ப்பம், பிறகு ஓய்வு, பிறகுதான் அடுத்த ஈற்று. பெரிய வெள்ளைச் சுறாவில் பெண் முப்பத்து மூன்று வயதுவாக்கில்தான் தாயாகும் என்று வடமேற்கு அட்லாண்டிக் ஆய்வு ஒன்று காட்டியது. மணற்புலிச் சுறாவின் கருப்பையில் முதலில் வளரும் குட்டி மற்றக் கருக்களைத் தின்றுவிடும், இரண்டு கருப்பைக்கும் ஒவ்வொன்று என்று ஒரு ஈற்றுக்கு இரண்டே குட்டிகள்தான் பிறக்கும். கிரீன்லாந்துச் சுறாவைப் பற்றிக் கேட்டால் நம்பவே மாட்டீர்கள், குறைந்தது 272 ஆண்டுகள் வாழும் என்று 2016இல் கண்ணின் வில்லையிலிருந்து கரிமக் காலக்கணிப்பு செய்து சொன்னார்கள், பருவத்துக்கு வரவே ஒன்றரை நூற்றாண்டு ஆகுமாம்.

இப்போது யோசியுங்கள். இருபது வயதில் குட்டி போடும் ஒரு மீன், ஐந்து வயதிலேயே தூண்டிலில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. மீதிப் பதினைந்து வருடமும் அது ஆயிரக்கணக்கான முட்களைத் தாண்டிப் பிழைத்தால்தான் ஒரு குட்டியாவது மிஞ்சும். பிடிப்பு கொஞ்சம் கூடினாலே பெரிய பெண் சுறாக்கள் முதலில் காணாமல் போய்விடுகின்றன. சின்ன சுறாக்கள் வலையில் வந்துகொண்டே இருப்பதால் கரையில் இருப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். குறைவு கண்ணுக்குப் படும்போது குட்டி போடும் வயதுடைய பெண்களே இருக்காது.

மிடுக்குக்காக யாரும் கவலைப்படவில்லை. இந்த உயிரினம் பெரிய மீன்பிடியைத் தாங்கும் வகையில் உருவாகவே இல்லை.

நெய்தல்_மகன்

சரி, இது எனக்குப் புரிகிறது. பெண் சுறாக்கள் முதலில் போய்விடும் என்பது நான் யோசிக்காத விஷயம். மேலே போங்கள்.

நடுக்கடல்_வேலன்

நான் சூரை பிடிக்கும் பெரிய கப்பலில் ஆயிரங்கால் தூண்டில் வேலை பார்த்தவன், இப்போது விட்டுவிட்டேன். தம்பி அலைவாய் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாய்க்கயிறு பல மைல் நீளம் போகும். அதிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளைக்கயிறு, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு முள். சாயங்காலம் விட ஆரம்பித்தால் மறுநாள் இழுத்து முடிய இரவாகிவிடும். முள்ளில் மாட்டிய சூரை ஒன்று என்றால் பல இடங்களில் கூடவே நீலச் சுறா வரும். நீலச் சுறா கெட்டி, பெரும்பாலும் உயிரோடுதான் பக்கத்தில் வரும், கண் அசையும், உடம்பை முறுக்கும். கொம்பன் சுறா அப்படி இல்லை. அது மாட்டியதும் உயிரைக் கொடுத்துப் போராடும், நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கப்பல் பக்கத்தில் வரும்போது தலை தொங்கி, நிறம் வெளிறி, கட்டை மாதிரி வரும். அதைத் திரும்ப விட்டு என்ன பயன், விட்டாலும் நேரே அடியில்தான் போகும். "பிடித்தால் விட்டுவிடு" என்று சட்டம் எழுதுகிறவர்கள் இதை ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. முள்ளுக்கு மேலே கடைசி ஒரு முழம் எஃகுக் கம்பியா நைலானா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நைலானாக இருந்தால் சுறா கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். கம்பியாக இருந்தால் போக முடியாது. சூரைக்குக் கம்பி தேவையே இல்லை, சூரையால் நைலானை அறுக்க முடியாது. கம்பி போடுகிறான் என்றால் அந்தக் கப்பல் சுறாவையும் கணக்கில் வைத்துத்தான் கடலுக்கு வந்திருக்கிறது. நான் இருந்த காலத்தில் துடுப்பு விற்ற காசில் ஒரு பங்கு ஆட்களுக்குக் கிடைக்கும். சம்பளம் ஒழுங்காக வராத கப்பலில் அந்தக் காசுதான் வீட்டுக்குப் போகும். அதை யாரும் பேசுவதில்லை. ஆட்களைக் குற்றம் சொல்வது சுலபம், அவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தால் துடுப்பு அறுக்கக் கையில் கத்தி எடுக்க மாட்டார்கள்.

உப்புக்காற்று

வேலன் அண்ணன் சொன்ன கடைசி வரிக்கு என் முழு ஆதரவு. ஆனால் எனக்கு இந்த இழையில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

சர்வதேசக் கூட்டங்களில் கையைத் தூக்கி வாக்களிக்கிறவர்களுக்குப் படகு கிடையாது. தடை வந்தால் முதலில் மாட்டுவது சின்னப் படகுக்காரன். பெரிய கப்பல் ஒரு பெருங்கடலில் தடை என்றால் இன்னொன்றுக்குப் போகும், கொடியை மாற்றிக்கொள்ளும், சரக்கை நடுக்கடலிலேயே வேறு கப்பலுக்கு மாற்றிவிடும். சின்னப் படகுக்காரன் அதே கரையில்தான் நிற்பான், அதிகாரிக்கு அவன்தான் கைக்கு எட்டுவான். செவுள் வலையில் அவன் கேட்டா சுறா விழுகிறது? விடியற்காலையில் வலையை எடுக்கும்போது செத்துக் கிடக்கும் சுறாவைக் கடலில் எறி என்றால் அதனால் சுறாவுக்கும் லாபமில்லை, அவனுக்கும் லாபமில்லை. உலகம் முழுவதும் சிறு மீனவர்கள் சுறாக் கறியை நம்பி இருக்கிறார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாரம் யார் தலையில் விழுகிறது என்று முதலில் பாருங்கள் என்கிறேன்.

கடற்சிலம்பு

@உப்புக்காற்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்: இரண்டாம் பட்டியல் தடை இல்லை. ஏற்றுமதி செய்யும் நாடு இரண்டு விஷயங்களுக்கு உறுதி தர வேண்டும். ஒன்று, இது சட்டப்படி பிடித்த சரக்கு. இன்னொன்று, இந்த அளவு ஏற்றுமதியால் அந்த இனம் நிலைத்திருப்பதற்குக் கேடு வராது. இந்த இரண்டாவது உறுதிதான் முதுகெலும்பு. அதைக் கொடுக்க வேண்டுமானால் நாடு எத்தனை பிடிபடுகிறது என்று எண்ணியாக வேண்டும், எந்த வயது, எந்த இனம் என்று பதிவு செய்தாக வேண்டும். பல நாடுகளில் அதுவரை "சுறா" என்று ஒரே கட்டத்தில் எடையை எழுதி மூடிவிடுவார்கள். பட்டியலில் வந்த பிறகுதான் முதல் தடவையாக இனம் பிரித்து எழுத ஆரம்பித்தார்கள். என் பார்வையில் பட்டியலின் பெரிய பயன் இதுதான், தடுப்பதைவிட எண்ண வைப்பது.

மீட்சி நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்கா 1993இல் அட்லாண்டிக் சுறாக்களுக்குப் பிடிப்பு வரம்போடு ஒரு திட்டம் போட்டது. பல இனங்களின் சரிவு நின்று, சில திரும்ப ஏறவும் தொடங்கின என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. கர்ப்பகாலமே ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும் முள்ளுச் சுறா அதே பகுதியில் சீரழிந்து போய், கடுமையான வரம்புக்குப் பிறகு 2010இல் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். அங்கே இன்றும் அதைப் பிடிக்கிறார்கள். மீன்பிடியை மூடாமலே மீட்டார்கள் என்பது உங்கள் கவலைக்கு ஒரு பதில்.

உப்புக்காற்று

அமெரிக்காவில் ஆள் இருக்கிறது, கண்காணிக்கப் பணம் இருக்கிறது. அது இல்லாத நாட்டில் "கேடு வராது" என்று யாரோ மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் கையெழுத்துப் போடப் பயந்து மொத்தமாக மூடுவார். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

சரக்குப்பெட்டி_எண்9

நான் சரக்குச் சோதனைப் பக்கம் வேலை பார்க்கிறேன், எந்தத் துறைமுகம் என்று சொல்ல மாட்டேன். இந்த விவாதத்தில் சோதனை மேசை எப்படி இருக்கும் என்று யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சாக்கைப் பிரித்தால் காய்ந்த துடுப்புகள், சாம்பல் நிறம், உள்ளங்கை அளவிலிருந்து முழங்கை நீளம் வரை, அடியில் வெட்டிய இடத்தில் குருத்தெலும்பு நார்நாராகத் தெரியும். ஒரு சாக்கில் நூற்றுக்கணக்கில் இருக்கும். முதலில் முதுகுத் துடுப்பைத்தான் பிரித்தெடுப்போம், ஏனென்றால் அதன் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்கும். பக்கத் துடுப்பென்றால் மேலே கருத்து, அடியில் வெளுத்து இருக்கும். வெண்முனைச் சுறாவின் முதுகுத் துடுப்பு தப்பவே தப்பாது, நுனி அகலமாக உருண்டு, வெள்ளைச் சாயத்தை விரலால் ஒற்றி எடுத்தது போலத் திட்டுத் திட்டாக இருக்கும். கொம்பன் சுறாவினது ஒல்லியாக, உயரமாக, மங்கிய பழுப்பாக இருக்கும். படம் போட்ட கையேடு இருந்தால் புது ஆள்கூட ஒரு நாளில் இவற்றைக் கற்றுக்கொள்வார்.

பிரச்சினை மற்றவற்றில். ரெக்வியம் என்ற பெரிய குடும்பத்துச் சுறாக்களின் (நீலச் சுறாவும் பட்டுச் சுறாவும் இதில்தான்) துடுப்புகளைக் காய வைத்துவிட்டால் எங்களால் பிரிக்கவே முடியாது. ஒரு இனம் பட்டியலில் உள்ளது, அதன் தங்கை பட்டியலில் இல்லை என்றால் சரக்குக்காரர் "இது தங்கைதான்" என்று எழுதிக் கொடுப்பார், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு விட வேண்டியதுதான். 2022இல் பனாமா மாநாட்டில் குடும்பத்தையே மொத்தமாக, 54 இனங்களையும் இரண்டாம் பட்டியலில் போட்டார்கள் இல்லையா, அதில் 19 இனங்கள் ஆபத்தில் இருப்பதற்காக, மீதி 35 பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதற்காக. அதிகம் பிடிபடும் நீலச் சுறாவை மட்டும் விலக்கிவிடக் கேட்டார்கள், மாநாடு ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அது அதிகப்படியாகத் தெரிந்திருக்கும். சோதனை மேசையில் நிற்பவருக்கு அந்த ஒரு முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றியது. துடுப்பு வணிகத்தின் பெரும்பகுதி அதற்கப்புறம்தான் அனுமதிச் சீட்டு கேட்கும் வட்டத்துக்குள் வந்தது. இப்போது கேள்வி எளிது: சீட்டு எங்கே?

2020இல் ஹாங்காங்கில் இரண்டு சரக்குப் பெட்டிகளில் 26 டன் துடுப்பு பிடிபட்டது, எக்வடோரிலிருந்து வந்தது. ஏறக்குறைய 38,500 சுறாக்களினது என்று கணக்கிட்டார்கள். அதில் பெரும்பாலானவை திரெஷர் என்ற நீளவால் சுறாவும் பட்டுச் சுறாவும், இரண்டுமே ஏற்கெனவே பட்டியலில் இருந்தவை. இரண்டே பெட்டி. ஒரு நாளைக்கு ஒரு பெரிய துறைமுகத்தில் எத்தனை பெட்டி இறங்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அலைவாய்

@சரக்குப்பெட்டி_எண்9 இப்படி ஒரு பதிவு வரும் என்று எதிர்பார்த்தே இந்த இழையை ஆரம்பித்தேன், நன்றி. ஒரு கேள்வி. துடுப்பு சரி, உறைய வைத்த கறி வந்தால் என்ன செய்வீர்கள்? தலையும் தோலும் துடுப்பும் இல்லாத வெறும் துண்டம்?

சரக்குப்பெட்டி_எண்9

கண்ணால் ஒன்றும் செய்ய முடியாது. டிஎன்ஏ சோதனை ஒன்றுதான் வழி. கையில் எடுத்துப் போகக்கூடிய கருவிகள் வந்துவிட்டன, சில மணி நேரத்தில் பட்டியல் இனமா இல்லையா என்று சொல்லிவிடும், செலவும் பெரிதில்லை. ஆனால் சந்தேகம் வந்தால்தானே மாதிரி எடுப்போம். "உறைந்த மீன்" என்று எழுதி வரும் பெட்டியில் சந்தேகம் எங்கிருந்து வரும்?

கடற்சிலம்பு

அலைவாய் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். எல்லோரும் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கறி வணிகம் அதை முந்திவிட்டது. 2012 முதல் 2019 வரை சுறா, திருக்கைக் கறியின் சர்வதேச வணிகம் 260 கோடி டாலர், துடுப்பு 150 கோடி டாலர் என்று உலக வனவுயிர் நிதியம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. கறி ஏற்றுமதியில் ஸ்பெயின் முன்னால் நிற்கிறது, இறக்குமதியில் பிரேசில்.

இதற்கு ஒரு காரணம் நாமே ஆதரித்த சட்டங்கள். துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியும் கொடுமையைத் தடுக்கத்தான் "துடுப்பு உடலோடு ஒட்டியே கரைக்கு வர வேண்டும்" என்ற விதி வந்தது. அதற்கு முன்பு துடுப்பின் எடை உடல் எடையில் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள், அதில் ஒரு சுறாவின் உடலுக்கு இன்னொன்றின் துடுப்பைக் கணக்குக் காட்டிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அந்த ஓட்டையை அடைத்தது. கொடுமை குறைந்தது, அது உண்மையான வெற்றி, அதை யாரும் சின்னதாகப் பேசக்கூடாது. ஆனால் முழுச் சுறாவும் கரைக்கு வந்தால் முழுச் சுறாவுக்கும் சந்தை உருவாகும். 2024இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி, துடுப்பு அறுப்புக்கு எதிரான விதிகள் உலகமெங்கும் பல மடங்கு பெருகிய அதே காலத்தில், மீன்பிடியால் சாகும் சுறாக்கள் 2012இல் குறைந்தது 7.6 கோடியிலிருந்து 2019இல் 8 கோடியாகக் கூடியிருக்கின்றன. அதில் இரண்டரைக் கோடி அழியும் அபாயத்தில் உள்ள இனங்கள். நடுக்கடலில் கொஞ்சம் குறைந்தது, கரையோரத்தில் கூடியது.

எனவே "துடுப்புச் சூப்பை நிறுத்தினால் சுறா பிழைக்கும்" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பது பாதிதான் சரி. எப்படி அறுக்கிறோம் என்பதற்கு விதி போட்டோம். எத்தனை சாகலாம் என்பதற்குப் போடவில்லை.

மழைமுகில்

இடையில் ஒரு சின்ன கேள்வி. அழகுச் சாதனங்களில் சுறா ஈரல் எண்ணெய் இருக்கிறது என்கிறார்களே, அது இதில் எங்கே வருகிறது?

கடற்சிலம்பு

@மழைமுகில் ஸ்குவாலீன். ஆழ்கடலில் வாழும் கல்பர் சுறாக்களின் ஈரலில் மிக அதிகம். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி, அதற்கே இரண்டு வருடம் கர்ப்பம். இப்படிப்பட்ட உயிர் எண்ணெய்க்காகப் பிடிப்பதைத் தாங்கவே தாங்காது, அதனால்தான் சமர்கண்டில் கொண்டுவந்தார்கள். அதே பொருளை ஆலிவிலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுக்கலாம், பல நிறுவனங்கள் மாறிவிட்டன. மாறாதவர்களுக்கு ஒரு சாக்கும் இல்லை.

நெறியாளர்

ஒரு நாட்டு மக்களின் சாப்பாட்டைப் பற்றி இழிவாக எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விஷயத்தோடு நில்லுங்கள், தொடருங்கள்.

உப்புக்காற்று

நெறியாளருக்கு நன்றி, நானும் அதைச் சொல்ல வந்தேன். அந்தப் பேச்சு சுறாவைக் காப்பாற்றாது. துடுப்பு ஒரு பக்கம் போகிறது, கறி இன்னொரு பக்கம் போகிறது, எண்ணெய் மூன்றாவது பக்கம். கை எல்லோருடையதும் இருக்கிறது.

இன்னும் ஒன்று. சைட்ஸில் ஒரு நாடு பிடிக்காத முடிவுக்குத் தன் விலக்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம், அந்த இனத்தைப் பொறுத்தவரை அது உறுப்பு நாடே இல்லை என்று ஆகிவிடும். உள்நாட்டுச் சந்தையை அந்த ஒப்பந்தம் தொடவே தொடாது. இவ்வளவு ஓட்டைகளோடு எதைப் பிடிக்கப் போகிறீர்கள்?

கடற்சிலம்பு

அதற்குத்தான் மாகோவின் கதையைச் சொல்ல வேண்டும், எனக்கு நம்பிக்கை தருவதும் கோபம் வரவழைப்பதும் அதுதான்.

அட்லாண்டிக் சூரை மீன்பிடியைக் கவனிக்கும் இக்காட் ஆணையத்தின் விஞ்ஞானிகள் 2017இல் கணக்குப் போட்டு, வடக்கு அட்லாண்டிக் மாகோ மிக மோசமாக மீறிப் பிடிக்கப்படுகிறது என்றார்கள். பிறகு புதுப்பித்த கணக்கில், இன்றே பிடிப்பைப் பூஜ்யமாக்கினாலும் 2045க்குள் மீள்வதற்குப் பாதிக்குச் சற்று மேல்தான் வாய்ப்பு என்று வந்தது. இதற்கப்புறமும் ஆணையம் ஆண்டுக்காண்டு பேசிக் கலைந்தது, விற்கக் கொண்டுவந்து இறக்க அனுமதி நீடித்தது. சொந்த விஞ்ஞானிகள் சொன்னதைச் சொந்த ஆணையமே கேட்கவில்லை. 2019இல் ஜெனீவா மாநாட்டில் மாகோ சைட்ஸ் பட்டியலுக்குள் வந்தது, 102 நாடுகள் ஆதரவு, 40 எதிர்ப்பு. இப்போது நிலைமை மாறியது. நடுக்கடலில் பிடித்ததைத் தன் துறைமுகத்தில் இறக்குவதற்கே "கேடு வராது" என்று உறுதி கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு சொல்லிவிட்டது. 2021 நவம்பரில்தான் ஆணையம், 2022, 2023 இரண்டு ஆண்டுகளுக்கு வடக்கு அட்லாண்டிக்கில் மாகோவைக் கப்பலில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவெடுத்தது.

நான்கு வருடம் வீணானது, அந்த நான்கு வருடத்தில் செத்த பெண் சுறாக்கள் 2040க்குள் திரும்பி வராது. ஆனால் வணிகப் பட்டியல் தனியாக நின்று இதைச் செய்யவில்லை, மீன்பிடி ஆணையமும் தானாகச் செய்யவில்லை. ஒன்று மற்றதை நெருக்கியது. அலைவாய் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான், பட்டியலால் கடலுக்குள் பிடிப்பு குறைய வேண்டுமானால் அது பிடிப்பு வரம்பு போடுகிற இடத்தில் போய் அழுத்த வேண்டும். நெருக்கடி இல்லாத இடங்களில் அது ஒரு சீட்டாகத்தான் இருக்கும்.

மறுபக்கமும் இருக்கிறது. வெண்முனைச் சுறாவை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான்கு பெரிய சூரை ஆணையங்களும் 2010 முதல் 2013க்குள் தடை போட்டாயிற்று. 2014இலிருந்து சைட்ஸ் கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தாயிற்று. அப்புறமும் ஹாங்காங் சந்தைத் துண்டுகளில் டிஎன்ஏ பார்த்தபோது அதன் துடுப்பு கிடைத்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் இப்போது முதல் பட்டியல். இனி எந்தச் சீட்டும் செல்லாது.

சரக்குப்பெட்டி_எண்9

முதல் பட்டியல் என்பது எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல வேண்டும். வெண்முனைத் துடுப்பு சாக்கில் இருந்தால் பேச்சே இல்லை, பிடித்து வைக்க வேண்டியதுதான். இதுவரை அனுமதிச் சீட்டு உண்மையா, அளவு பொருந்துகிறதா, எந்தக் கடலில் பிடித்தது என்று மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

நடுக்கடல்_வேலன்

நான் ஒன்று சேர்க்கிறேன். தூண்டில் கப்பலையே எல்லோரும் திட்டுகிறார்கள், சுருக்குமடிக் கப்பலும் இருக்கிறது. சூரை நிழலுக்கு வந்து கூடும் என்று மிதவை விடுவார்கள், அதற்குக் கீழே பழைய வலையைத் தொங்கவிடுவார்கள். பட்டுச் சுறாக் குட்டிகள் அதைச் சுற்றித் திரிந்து வலைக்கண்ணில் மாட்டிச் சாகும். யாருக்கும் தெரியாது, செத்ததும் அழுகிக் கீழே விழுந்துவிடும், எந்தக் கணக்கிலும் வராது.

கடற்சிலம்பு

வேலன் அண்ணன் சொல்வதை அப்படியே உறுதிசெய்யும் ஆய்வு இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் மட்டும் ஆண்டுக்கு 4.8 லட்சம் முதல் 9.6 லட்சம் பட்டுச் சுறாக்கள் இப்படிச் சாகக்கூடும் என்று 2013இல் மதிப்பிட்டார்கள், சுறாக்களின் உடலில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தும் மிதவைகளுக்கு அடியில் மூழ்கிப் பார்த்தும் போட்ட கணக்கு அது. அதற்குப் பிறகு வலை தொங்காத மிதவை வேண்டும் என்று ஆணையங்கள் விதி கொண்டுவந்தன. பெரிய செலவு இல்லை, தொங்கும் வலையைச் சுருட்டிக் கட்டிக் கயிறாக்கினாலே பெரும் வித்தியாசம்.

கம்பி விஷயத்திலும் அசைவு இருக்கிறது. மேற்கு, மத்திய பசிபிக் ஆணையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 20 பாகை, தெற்கே 20 பாகை வரை கம்பி முனையைத் தடை செய்தது, 2024இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முள்ளுக்குப் பக்கத்தில் சிறு மின்துடிப்பு விட்டுச் சுறாவை விலக்கும் ஒரு கருவியைப் பிரான்சின் சூரைப் படகுகளில் சோதித்தபோது நீலச் சுறா மாட்டுவது 91 சதவீதம் குறைந்தது.

மழைமுகில்

சுறாவைப் பார்க்க முக்குளிக்க வருகிறவர்கள் மூலம் வருமானம் பார்க்கும் நாடுகளும் இருக்கின்றனவே, பலாவ் 2009இல் தன் கடல் முழுவதையும் சுறாச் சரணாலயம் ஆக்கியது, மாலத்தீவு 2010இல் பிடிப்பதையே நிறுத்தியது. அந்த வழியை மற்றவர்களும் எடுக்கலாமே?

உப்புக்காற்று

@மழைமுகில் சில தீவுகளுக்கு அது பொருந்தும், நல்லதும்கூட. தெளிந்த பவளத்திட்டும் விமான நிலையமும் இருக்கும் இடத்துக்குத்தான் முக்குளிப்பவர்கள் வருவார்கள். கலங்கிய கழிமுகத்தில் வாழும் உழுவை, வேளா என்ற திருக்கை வகைகளைப் பார்க்க யார் காசு கட்டி வரப்போகிறார்கள்? அவைதான் ஆகக் கடைசி நிலையில் இருக்கின்றன. வேளாவுக்கு 2007லேயே வணிகத் தடை போட்டாயிற்று, இன்னும் வலையில் அதன் வாள்மூக்கு சிக்கிக்கொண்டுதான் இருக்கிறது. வணிகத்தைத் தடுத்தால் வலை தடுக்கப்படுவதில்லை.

அலைவாய்

இதைத்தான் நான் முதல் பதிவில் கேட்க வந்தேன், நீங்கள் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். சரி, வேலன் அண்ணே, உங்களிடம் ஒரே ஒரு விதி போடும் அதிகாரத்தைக் கொடுத்தால் எதைப் போடுவீர்கள்?

நடுக்கடல்_வேலன்

கம்பி கூடாது. இரண்டாவது, சுறாவைத் தளத்துக்கு ஏற்றக் கூடாது. ஏற்றினால் முடிந்தது, கொக்கி போட்டு இழுப்பார்கள், கால் வைத்து மிதிப்பார்கள், முள்ளைப் பிடுங்குகிறேன் என்று தாடையைப் பிய்ப்பார்கள், அப்புறம் "உயிரோடு விட்டோம்" என்று எழுதுவார்கள். தண்ணீரிலேயே வைத்து, முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் நைலானை வெட்டிவிட வேண்டும். நீளமாகக் கயிறு விட்டால் அது சுற்றிக்கொண்டு செத்துவிடும். இது நடக்கிறதா என்று பார்க்கத் தளத்தில் கேமரா வேண்டும், சூரைக் கப்பல்களில் மிகச் சிலவற்றில்தான் பார்வையாளர் வருகிறார். ஒன்று கேட்டீர்கள், மூன்று சொல்லிவிட்டேன், மூன்றும் சேர்ந்தால்தான் வேலைக்கு ஆகும்.

சரக்குப்பெட்டி_எண்9

என் பக்கத்திலிருந்து ஒன்று. சுங்கக் குறியீட்டில் சுறாத் துடுப்புக்குத் தனி எண் இருக்கிறது, கறிக்கும் இருக்கிறது, ஆனால் எந்தச் சுறா என்று பிரிக்க வழியில்லை. அதிகம் விற்கும் பத்துப் பதினைந்து இனங்களுக்காவது தனித்தனி எண் கொடுத்தால், ஒரு நாடு அனுப்பியதாகச் சொல்லும் எடையையும் மற்ற நாடு வாங்கியதாகச் சொல்லும் எடையையும் ஒப்பிட முடியும். இப்போது ஒப்பிட்டால் இரண்டு எண்ணும் ஒத்துப் போவதே இல்லை, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

உப்புக்காற்று

வேலன் அண்ணன் சொன்ன மூன்றுக்கும் எனக்கு ஒப்புதல், அவை பாரத்தைப் பெரிய கப்பல் மேல் வைக்கின்றன. சின்னப் படகுக்கு நான் கேட்பது இது: குட்டிகள் பிறந்து வளரும் ஆழமில்லாத இடங்களை மீனவர்களுக்கே தெரியும், எந்த மாதத்தில் எந்த முகத்துவாரத்தில் கொம்பன் குட்டி வரும் என்று அவர்களைக் கேட்டுவிட்டு, அந்த மாதம் அந்த இடத்தில் மட்டும் செவுள் வலையை மூடுங்கள். அந்த மாதத்துக்கு வருமானம் கொடுங்கள். மூடுவதை முடிவு செய்யும் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி வேண்டும். முழுக்கடலையும் முழு வருடமும் மூடுகிறேன் என்றால் ஒன்று சண்டை வரும், இல்லையென்றால் சுறா மறைவில் விற்கப்படும். அப்புறம் கடற்சிலம்பு சொன்ன அந்த எண்ணிக்கையும் உங்களுக்குக் கிடைக்காது.

கடற்சிலம்பு

@உப்புக்காற்று இதில் உங்களோடு முழுதாக நிற்கிறேன். ஒரே ஒரு திருத்தம்: குட்டிகளை மட்டும் காத்தால் போதாது, பருவம் வந்த பெண்களையும் சேர்த்துக் காக்க வேண்டும். எனவே இடத்தோடு கூட, இந்த நீளத்துக்கு மேல் உயிரோடு வந்தால் விட வேண்டும் என்று அளவும் வேண்டும். நீளவாக்கில் எங்கே அளக்க வேண்டும், எந்த இனத்துக்கு எவ்வளவு என்பதை நாளை இரவு தனிப் பதிவாக எழுதுகிறேன். வேலன் அண்ணே, தண்ணீரில் வைத்தே நீளத்தை எப்படிக் கணிப்பீர்கள் என்று உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள், அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நடுக்கடல்_வேலன்

கப்பல் பக்கவாட்டில் தண்ணீர்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டருக்கு ஒன்றாகப் பெயிண்டில் கோடு போட்டு வைத்திருப்போம் தங்கச்சி. சுறா அதற்கு நேராக நீளும்போது ஒருவர் பார்த்து எண்ணைச் சொன்னால் போதும், கையே படவேண்டாம்.